இதயம் இங்கே... ஆள் எங்கே?

போன் அலறியது.

அலறக் கூடாத நேரம்.

கான்ஃபரன்ஸ் அறையில் பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த மூன்று பேர் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே பூட்டு நின்றிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக டை கட்டியிருந்தான். தூக்குக் கயிற்றை இவனே வாங்கி இவனே மாட்டிக்கொண்டது போல இருந்தது முகம்.

பூட்டு என்பது அலுவலகம் வைத்த பெயர். இதய நோயாளிகள் மார்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட்டை அந்தக் கம்பெனி தயாரிக்கிறது. துடிப்பைக் காற்று வழியே அனுப்பும் பெல்ட். வழியில் எவனும் படித்துவிடாதபடி அதைப் பூட்டி அனுப்புகிற புரோகிராம் இவன் எழுதியது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

"ஆகவே... எங்க பெல்ட்டை யாராலயும் ஏமாத்த முடியாது!" என்று சொல்லி முடித்த விநாடியில்தான் போன் அலறியது.

அக்கா.

துண்டித்தான். மறுபடி அலறியது. டைரக்டர் மேடம் பார்த்த பார்வையில் அப்பளம் பொரிக்கலாம்.

"அக்கா, மீட்டிங்ல இருக்கேன்..."

"டேய்! ஆளைக் காணோம்டா!"

"எந்த ஆளை?"

"பெரியவரை! ரூம்ல இல்ல! டவல்ல ரத்தம்! ஆனா... இதயம் துடிக்குதுடா!"

"யாரோடது?"

"அவரோடதுதான்! ஸ்க்ரீன்ல! ஆளே இல்லாம சும்மா ஜம்முன்னு துடிச்சுக்கிட்டிருக்கு!"

பூட்டின் டை தானாக இறுகியது.

"போலீஸ் வந்தாச்சு. எல்லாரும் என்னையேதான் பாக்கறாங்க. சீக்கிரம் வாடா. அப்புறம்... அம்மாவுக்கு மட்டும் சொல்லிடாத. பதறிடுவாங்க!"

*

பெரியவரின் வீடு, வீடு என்று சொல்ல முடியாத நீளம். ரயிலை வளைத்துக் கட்டிய மாதிரி. ஒரு கோடியில் அவருடைய படிப்பறை. மறு கோடியில் ஹால். ஹாலில் ஒரு பெரிய ஸ்க்ரீன். ஸ்க்ரீனுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து அவருடைய இதயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நர்ஸ் அக்காவின் வேலை.

இப்போதும் அந்த இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

பச்சைக் கோடு. மேலே... கீழே... மேலே...

அதன் எதிரே இன்ஸ்பெக்டர், வலது கன்னத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். கடைவாய்ப் பல்லில் வலி. டாக்டரிடம் போகிற வழியில் இந்தக் கேஸ் குறுக்கே வந்துவிட்டது.

"நீதான் தம்பியா?"

"ஆமா சார்."

"இந்த பெல்ட்டு எவ்வளவு தூரம் வேலை செய்யும்?"

"இந்த வீட்டுக்குள்ள மட்டும்தான் சார். கேட்டைத் தாண்டினா சிக்னல் கிடையாது."

"ஏமாத்த முடியுமா?"

பூட்டுக்குள் இருந்த விற்பனைப் பிரதிநிதி முந்திக்கொண்டான். "முடியவே முடியாது சார்!"

அக்கா அவன் காலை மிதித்தாள்.

காலம் கடந்த மிதி.

"கேட்டுக்கிட்டியாம்மா?" இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார். "பெல்ட்டு வீட்டுக்குள்ள இருக்கு. பெல்ட்டு கட்டின ஆளும் வீட்டுக்குள்ளதான் இருக்கணும். காலைலேர்ந்து இந்த வீட்ல அவரைத் தவிர இருந்த ஒரே ஆள் நீ. எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க?"

"நான் எதுக்கு சார் ஒளிக்கணும்? காலைல டிஃபன் சாப்பிட்டார். வழக்கம் போல 'யாரும் உள்ள வராதீங்க, படிக்கப் போறேன்'னு கதவைச் சாத்திக்கிட்டார். நான் இங்க உக்காந்து துடிப்பைப் பாத்துக்கிட்டிருந்தேன். மாத்திரை குடுக்கப் போனா... ஜன்னல் திறந்திருக்கு, ஆள் இல்ல!"

"டவல்ல ரத்தம்?"

"தெரியாது சார்!"

"எல்லாம் எனக்குத் தெரியும்!"

சோபாவிலிருந்து ஒரு குரல். பெரியவரின் அண்ணன் மகன். பெரியவரின் ரேடியோத் தொழிற்சாலையை இப்போது இவர்தான் பார்த்துக்கொள்கிறார்; நாளைக்கு வாரிசும் இவர்தான். கறுப்புச் சட்டை, கையில் கைக்குட்டை. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கைக்குட்டை மட்டும் நனையவேயில்லை.

"நேத்து இவங்க சித்தப்பாவைப் பாத்து 'நானே உங்களைக் கொன்னுடுவேன்'னு கத்தினாங்க இன்ஸ்பெக்டர்! என் காதால கேட்டேன்!"

"அவர் மூணாவது காபி கேட்டார் சார்!" அக்கா கத்தினாள். "இதயத்துல ஓட்டையை வச்சுக்கிட்டு மூணாவது காபி கேட்டா, கொஞ்சவா செய்வாங்க?"

"பாத்தீங்களா, மறுபடியும் கத்தறாங்க! ஐயோ, என் சித்தப்பா! பேப்பர்ல போடறதுக்கு நல்ல போட்டோ கூட எடுத்து வச்சுட்டேன்..."

"அதுக்குள்ளயா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"துக்கத்துல கை பரபரங்குது சார்."

கான்ஸ்டபிள் ஓடி வந்தார். தலை முழுக்க ஒட்டடை.

"சார்! பரண், பீரோ, தண்ணித் தொட்டி, நாய்க் கூண்டு எல்லாம் பாத்தாச்சு! இல்ல சார்!"

"நாய்க் கூண்டுல எதுக்குய்யா பாத்த?"

"நாய் முறைச்சது சார். சந்தேகமா இருந்தது."

இன்ஸ்பெக்டர் கன்னத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "தோட்டத்தைத் தோண்டு. அம்மா, நீ ஸ்டேஷனுக்குக் கிளம்பு."

அக்காவின் முகம் வெளுத்தது.

அவள் அழுது பூட்டு பார்த்ததில்லை. சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து கை உடைந்தபோதும், 'டேய், நீ அழாதடா' என்று இவனைத்தான் சமாதானம் செய்தாள். இப்போது அவள் உதடு லேசாக நடுங்கியது.



"சார், ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம்!"

ஸ்க்ரீனுக்கு எதிரே போய் நின்றான்.

பச்சைக் கோடு. மேலே... கீழே... மேலே...

திடீரென்று ஒரு குதி! ஒரு துடிப்பு தவறியது. அப்புறம் குட்டியாக இரண்டு. மறுபடி பழைய நிதானம்.

"அக்கா, இது என்ன?"

"தும்மல்டா. அவர் தும்மினா எப்பவும் ஒரு துடிப்பு தவறும். பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

"ஆளே இல்ல, தும்மலா?" என்றார் கான்ஸ்டபிள். மெல்ல ஒரு அடி பின்னால் போனார்.

பூட்டு காத்திருந்தான்.

மேலே... கீழே... மேலே...

குதி! ஒன்று தவறியது. குட்டியாக இரண்டு.

அதே தும்மல்!

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அதே உயரம். அதே இடைவெளி. அச்சு அசலாக அதே தும்மல்!

உலகத்தில் எந்த மனிதனும் ஒரே தும்மலை இரண்டு தடவை தும்மியதில்லை!

பூட்டுக்கு வியர்த்தது. நெற்றியில் ஆரம்பித்து டை வரைக்கும் வந்தது. ஏனென்றால்... அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஐயோ!

அந்த செக்!

*

போன் ஒலித்தது. டைரக்டர் மேடம்.

"என்னய்யா நடக்குது அங்க? மூணு கோட்டும் என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு! போலீஸ் கேட்டா ஒரே வார்த்தை சொல்லு... 'எங்க பெல்ட்டு பொய் சொல்லாது'. அதுக்கு மேல ஒரு எழுத்து பேசின... நாளைக்கு நீ இங்க வர வேண்டாம்!"

பூட்டு அக்காவைப் பார்த்தான். பெண் போலீஸ் ஒருவர் அவள் தோளைத் தொட்டு, "வாம்மா" என்றார்.

போனை அணைக்காமலே மேஜை மேல் வைத்தான்.

"சார்... எங்க பெல்ட்டு பொய் சொல்லுது!"

போனுக்குள் ஏதோ விழுந்து உடையும் சத்தம்.

"இப்பதானே முடியவே முடியாதுன்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது வாய் சொன்னது சார். இப்ப நான் சொல்றேன்."

"புரியற மாதிரி சொல்லு. பல் வலி. சுருக்கமா."

"சார், பெல்ட்டு துடிப்பை சீல் வச்ச கவர்ல போட்டு அனுப்புதுன்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு கவருக்கும் வெளிய ஒரு நம்பர். சீலை என் புரோகிராம் மட்டும்தான் பிரிக்க முடியும்."

"சரி."

"ஆனா கவரைக் கொண்டு வர தபால்காரன் இருக்கானே... குடிகாரன். சிலதைத் தொலைச்சிடுவான். சிலதைப் பின்னாடி கொண்டு வருவான். பத்தாவது கவர் வந்து உக்காந்ததுக்கு அப்புறம் ஏழாவது ஆடி அசைஞ்சு வரும்."

"தொலைஞ்சா கேக்க மாட்டீங்களா?"

"மாட்டோம் சார். அடுத்த துடிப்புதான் வந்துடுமே... போன துடிப்பை வச்சு என்ன பண்றது?"

"சீல் கெட்டிருந்தா?"

"சத்தமில்லாமக் குப்பைல போட்டுடுவோம். யாருக்கும் சொல்ல மாட்டோம்."

"எங்க ஸ்டேஷன்ல புகார் வாங்கற மாதிரிதான்," என்றார் இன்ஸ்பெக்டர். "மேல சொல்லு."

"எவனோ ஒருத்தன் காலைல வந்த கவரையெல்லாம் வழியிலயே நகல் எடுத்து வச்சிருக்கான் சார். பிரிக்கல. பிரிக்கவும் முடியாது. உள்ள என்ன இருக்குன்னு அவனுக்குக் கவலையும் இல்ல. அவர் நிம்மதியா உக்காந்திருந்த நேரத்துக் கவர்... அது போதும். அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டிருக்கான். நாம பாக்கறது இப்போதைய துடிப்பு இல்ல. காலைல துடிச்ச துடிப்பு!"

 நாய் ஒருமுறை குரைத்தது.

"ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்தா உங்க புரோகிராமுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஏற்கெனவே வந்த நம்பர் வந்தா தூக்கிப் போட ஒரு செக்... ஒரு சோதனை இருக்கு."

"போட்டுச்சா?"

"...இல்ல."

"ஏன்?"

பூட்டு தரையைப் பார்த்தான். தரை உதவி செய்யவில்லை.

"நான்தான் ஆஃப் பண்ணி வச்சேன்."

"என்னது!" இது அக்கா.

"நீதானேக்கா புகார் பண்ண! இந்த வீடு ரொம்ப நீளம். கவர் கண்டபடி லேட்டா வந்தது. ரொம்பப் பின்தங்கின நம்பரையும் அந்த செக் தூக்கிப் போட்டுடும். 'இதயம் நின்னுடுச்சு'ன்னு அலாரம் அடிக்கும். நீ ஊசியும் கையுமா பாத்ரூம் கதவை உடைப்ப. அவர் உள்ளேர்ந்து 'நான் உயிரோடதாம்மா இருக்கேன், வெளிய போ'ன்னு கத்துவார். அதான்... எவ்வளவு பின்தங்கலாம்ங்கிற அளவைக் கூட்டிப் பொறுமையா சரி பண்ணலாம், அதுவரைக்கும் தற்காலிகமா ஆஃப் பண்ணலாம்னு..."

"தற்காலிகமான்னா?"

"மழைக்காலத்துக்கு முன்னாடி."

"எந்த மழைக்காலம்?"

 புரோகிராம் எழுதுகிறவர்களின் அகராதியில் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் எழுத இன்னும் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

"எல்லாம் கட்டுக்கதை!" அண்ணன் மகன் எழுந்தார். "அக்காவைக் காப்பாத்த தம்பி விடற கதை! நிரூபிக்கச் சொல்லுங்க இன்ஸ்பெக்டர்!"

"நிரூபிக்கிறேன்!"

பூட்டு லேப்டாப்பைத் திறந்தான். விரல்கள் பறந்தன. "இப்ப அந்த செக்கை ஆன் பண்ணப் போறேன். நான் சொல்றது நிஜம்னா, வர ஒவ்வொரு கவரும் பழைய நம்பர். ஒண்ணு விடாமக் குப்பைக்குப் போயிடும்."

"போனா?"

"பாருங்க."

தட்டினான்.

பச்சைக் கோடு... மேலே... கீழே...

நேராகப் படுத்துவிட்டது!

பீஈஈஈஈஈ...!

"ஐயோ, கொன்னுட்டான்!" கான்ஸ்டபிள் அலறினார்.

அக்கா பழக்க தோஷத்தில் ஊசியை எடுத்துக்கொண்டு நாலடி ஓடி, குத்த ஆள் இல்லாததால் நின்றாள்.

"சித்தப்பாஆஆ!" அண்ணன் மகன் கைக்குட்டையை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். கைக்குட்டைக்குப் பின்னால் பல் தெரிந்தது.

"யாரும் சாகல! யாரும் சாகல!" பூட்டு இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். "ஆள் இங்க இல்லவே இல்ல சார்! எங்கக்கா யாரையும் ஒளிக்கல! அந்த நகல் எடுக்கற சாதனம்தான் இந்த வீட்டுக்குள்ள எங்கயோ இருக்கு. அதைத் தேடுங்க!"

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பெண் போலீசைப் பார்த்துத் தலையசைத்தார். அக்காவின் தோளிலிருந்து கை எடுபட்டது.

பூட்டுக்கு மூச்சு வந்தது.

*

அதைக் கண்டுபிடித்தவர் கான்ஸ்டபிள்தான். படிப்பறைக்கு வெளியே, புத்தக அலமாரியின் பின்னால். சிக்னலைப் பிடித்து நீட்டித் தருகிற வைஃபை பெட்டிக்கும், ஹாலுக்குப் போகும் வயருக்கும் நடுவே... சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்பு டப்பா. குட்டிப் பச்சை விளக்கு ஒன்று கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"வெடிகுண்டா சார்?"

"இல்ல சார். தபால்காரனை வழிமறிச்சு நகல் எடுத்தவன்," என்றான் பூட்டு. டப்பாவைப் பிடுங்கிவிட்டு வயரை நேராக மாட்டினான்.

ஹாலுக்குக் கொண்டு வந்து இன்ஸ்பெக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கடைக்காரன் ஒட்டிய சீட்டு. வாங்கியவர் பெயர் இருந்தது.

அண்ணன் மகனின் பெயர்!

"அடடா!" இன்ஸ்பெக்டரின் பல் வலி பறந்துபோனது. "போட்டோ எல்லாம் ரெடியா எடுத்து வச்சிருக்கீங்களே... ஆளை எங்க வச்சிருக்கீங்க?"

"சார்! நான் இல்ல சார்! சித்தப்பாதான் வாங்கிட்டு வரச் சொன்னார்! பாட்டு கேக்கறதுக்குன்னு சொன்னார்!"

"ஏன்யா, சித்தப்பாவே தன்னைத் தானே கடத்திக்கிட்டாரா?"

"சத்தியமா சார்!"

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார். இந்த முறை கைக்குட்டை நிஜமாகவே நனைந்தது.

அப்போது...

பீப்!

எல்லாரும் திரும்பினார்கள்.

பீப்! பீப்!

செத்துப்போன கோடு... நிமிர்ந்தது!

பீப்! பீப்! பீப்! பீப்!

"மறுபடி பழைய கவரா?" இன்ஸ்பெக்டரின் குரல் கிசுகிசுத்தது.

பூட்டு லேப்டாப்பில் குனிந்தான். கண்கள் விரிந்தன.

"இல்ல சார்... புது நம்பர்! எல்லாமே புதுசு! இது நிஜத் துடிப்பு! பெல்ட்டு வீட்டு எல்லைக்குள்ள வந்துடுச்சு!"

"என்னடா இவ்வளவு வேகமாத் துடிக்குது!" அக்கா ஸ்க்ரீனை நெருங்கினாள். "யாரோ துரத்தறாங்க! யாரோ அவரைத் துரத்தறாங்கடா!"

பீப்பீப்பீப்பீப்!

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினார். கான்ஸ்டபிள் ஹால் மூலையிலிருந்த நாய்க் கூண்டின் பின்னால் பதுங்கினார். நாய் இடம் தரவில்லை.

செருப்புச் சத்தம்... நெருங்கியது... நெருங்கியது...

கதவு திறந்தது.

பெரியவர்!

பளபளவென்று கோட்டு. பளபளவென்று சவரம் செய்த முகம். தாடையில் ஒரு பிளாஸ்திரி. இத்தனை நாள் சவரக் கத்தியைக் கையில் கொடுக்காத நர்ஸுக்குத் தெரியாமல், தானே சவரம் செய்துகொண்டதன் அடையாளம். டவல் ரத்தத்தின் மர்மம் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் தனியாக வரவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, புதுப் பட்டுப் புடவையில், புதுப்பெண் போலத் தலையைக் குனிந்துகொண்டு...

"அம்மா!!!" என்று கத்தினாள் அக்கா.

"அம்மா???" என்று கத்தினான் பூட்டு.

"யாரோட அம்மா?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"எங்கம்மா சார்!"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கொஞ்சம் கூட்டம். லேட்டாயிடுச்சு. நீங்க மாத்திரை நேரத்துக்கு முன்னாடியே வந்துடலாம்னு சொன்னீங்களே," என்று அம்மாவிடம் குறைப்பட்டார்.

"நான் எங்க சொன்னேன்? நீங்கதான் போட்டோ எடுக்கணும்னு நின்னீங்க," என்றாள் அம்மா. கல்யாணமாகிக் கால் மணி நேரத்தில் முதல் சண்டை.

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் மறந்துட்டு வந்த சாப்பாட்டுப் பையைக் குடுக்கத்தானேம்மா இங்க வருவ?"

"நீ ஏன்டி தினமும் மறந்த?"



"அந்த டப்பா?" என்றான் பூட்டு.

"கடை டப்பாதான். உள்ள நான் மாத்திச் செஞ்சது," என்றார் பெரியவர் பெருமையாக. "காலமெல்லாம் ரேடியோ தயாரிச்சவன் தம்பி நான். மாப்பிள்ளைக் கோலத்துல என் இதயம் எப்படித் துடிக்கும்னு எனக்குத் தெரியும். கேட்டைத் தாண்டினா கோடே படுத்துடும். உங்கக்கா ஊசியோட பின்னாடியே ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் வந்திருப்பா. இவனுக்குத் தெரிஞ்சிருந்தா..." அண்ணன் மகனைப் பார்த்தார், "...ரோட்டுல குறுக்கப் படுத்திருப்பான்."

"ஆனா அந்த செக் ஆஃப்ல இருக்குன்னு... அது எனக்கு மட்டும்தானே தெரியும்!"

அம்மா புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"சாப்பிடும்போதெல்லாம் நீதானேடா புலம்புவ. 'ஆஃப் பண்ணிட்டேன்மா, யாராவது பழசையே திருப்பிப் போட்டா செத்தேன்மா'ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. ஏதோ கஷ்டப்படறியேன்னு, பாவம்னு இவர்கிட்ட சொன்னேன். இவருக்குப் புரிஞ்சிடுச்சு."

பூட்டு கண்ணை மூடிக்கொண்டான். எவனாலும் உடைக்க முடியாத கணிதப் பூட்டின் ரகசியம்... ரசம் சாதத்தோடு கசிந்திருக்கிறது!

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள் அக்கா.  "அப்பா போய் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

"சொல்லியிருக்க மாட்டீங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்பீங்க. அந்த ஒரு பார்வைக்குத்தான் பயந்தேன்."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். முடியவில்லை. பார்த்துக்கொண்டார்கள்.

சிரித்துவிட்டார்கள்!

அம்மாவும் சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக அக்கா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நான் என்னன்னு கேஸ் எழுதறது?" இன்ஸ்பெக்டர் பரிதாபமாகக் கேட்டார். "கொலை இல்ல. கடத்தல் இல்ல. சொந்த ஜன்னல் வழியாக் குதிச்சு சொந்தமாக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கு எந்தச் செக்‌ஷன்?"

மேஜை மேலிருந்த போன் கிறீச்சிட்டது. "ஹலோ! ஹலோ! எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்! உன்னை வேலையை விட்டுத்..."

பெரியவர் போனை எடுத்தார்.

"மேடம், வணக்கம். செத்தவன் பேசறேன். இந்தப் பையனை வேலையை விட்டுத் தூக்கினா, உங்க பெல்ட்டை ஏமாத்திட்டு நான் எப்படிக் கல்யாணம் பண்ணினேன்னு பேட்டி குடுப்பேன். வச்சிருந்தா, அந்த ஓட்டையை அவனே அடைப்பான். எது வசதி?"

போனில் மேடத்தின் குரல் இறங்கியது.

"...கல்யாண வாழ்த்துகள் சார்."

தொப்!

சோபா பக்கமிருந்து சத்தம். அண்ணன் மகன் மல்லாந்து கிடந்தார். சித்தப்பா உயிரோடு இருக்கிறார், சித்தியும் வந்துவிட்டாள் என்ற இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் உள்ளே போய் மோதிக்கொண்டதில் மயக்கம். அக்கா பாய்ந்து போய் நாடி பார்த்தாள். "ஐயையோ, துடிப்பு தாறுமாறா ஓடுது!"

பெரியவர் குனிந்து பார்த்தார். கோட்டைக் கழற்றினார். சட்டைப் பித்தானைக் கழற்றினார். மார்பிலிருந்த பெல்ட்டை அவிழ்த்து அக்காவிடம் நீட்டினார்.

"இதை இவனுக்குக் கட்டிவிடும்மா. இனிமே எனக்கு ஒண்ணும் ஆகாது... ஆகறதெல்லாம் இவனுக்குத்தான் ஆகும்!"